பினாங்கில் ஒரு வீட்டு ஃபைபர் இணைப்பு: வேகம் சரி, முகவரி எங்கே?

குளுகோரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அண்மையில் வந்து சேர்ந்த 500 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இங்கே குறையாகச் சொல்லப்போவது அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. இணையத்தில் ஒவ்வோர் இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்களான ஐபி முகவரிகள் தீர்ந்துபோன பிறகு வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தொடங்கிய எந்த நிறுவனத்திடமும் இதைக் காணலாம். இணைப்பு வாங்குவோர் வேகத்தைக் கேட்கிறார்கள், மாதக் கட்டணத்தைக் கேட்கிறார்கள், ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று கேட்கிறார்கள். அந்த இணைப்போடு எந்த வகை முகவரி நம் வீட்டுக்கு வருகிறது என்பதை விளம்பரத் தாளும் சொல்வதில்லை, விற்க வருபவரும் சொல்வதில்லை. ஆனால் வீட்டில் ஒரு சிசிடிவி வைத்திருப்பவருக்கும், கடைக் கணக்கை வீட்டிலிருந்து பார்க்க நினைப்பவருக்கும், பிள்ளைகளின் விளையாட்டுக் கருவிக்கும் அதுதான் முதற்கேள்வி.

வேகத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இரவு எட்டு மணிக்கு எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சி ஓடும் நேரத்திலும் சொன்ன வேகத்தை ஒட்டியே கிடைக்கிறது. கம்பி இழுக்க வந்தவர்கள் சுவரைப் பாழாக்காமல் வேலையை முடித்தார்கள். கட்டணம் இந்த வேகத்துக்கு நியாயமானது. இவற்றைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

இணைப்பு வந்த அன்று ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற முகவரி என்ற வரியைப் பார்த்தேன். அது 100.72 என்று தொடங்கியது. அதே கணினியில் 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்தால் முற்றிலும் வேறோர் எண் தெரிந்தது. இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால், உங்கள் வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே சேவை நிறுவனத்தின் பெரிய முகவரி மாற்றுக் கருவி ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் 2012 ஏப்ரலில் இதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை. ஏறத்தாழ 42 லட்சம் முகவரிகள் கொண்ட அந்தத் தொகுதியை எந்த நிறுவனமும் தன் உள்வலைக்குள் பயன்படுத்தலாம், ஆனால் வெளியுலகிலிருந்து யாரும் அந்த எண்ணைத் தேடி வர முடியாது. தொழில்நுட்பக்காரர்கள் இந்த ஏற்பாட்டைச் சிஜிநாட் என்பார்கள், அதில் நாட் என்பது முகவரி மாற்று.

இதை நிறுவனத்தின் கஞ்சத்தனம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவது சரியாகாது. 1981 செப்டம்பரில் வகுக்கப்பட்ட பழைய முகவரி முறையான ஐபிவி4 விதியில் ஒரு முகவரிக்கு 32 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள் 32. அதனால் உலகம் முழுமைக்கும் சேர்த்து 429 கோடியே 49 லட்சம் முகவரிகள்தான் உண்டு, அவற்றிலும் ஒரு பகுதி சிறப்புப் பயன்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அப்போது இணையம் ஓர் ஆய்வு வலையமைப்பு. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கருவி இருக்கும் என்று கணக்குப் போட்டு அதை வகுக்கவில்லை. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசி ஐந்து பெருந்தொகுதிகள், முகவரிகளைப் பங்கிடும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மலேசியா அடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குப் பொறுப்பான ஏப்நிக், பிரிஸ்பேனிலிருந்து இயங்குவது, தன் கடைசித் தொகுதிக்கு வந்து நின்றது அதே ஆண்டு ஏப்ரல் 15இல். ஐந்து வட்டாரங்களில் முதலில் கை காய்ந்தது நம்முடையதுதான். வட அமெரிக்காவுக்கு அந்த நிலை 2015 செப்டம்பரில்தான் வந்தது. 2011இன் அந்த ஏப்ரல் முதல் ஏப்நிக்கிடம் விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்கு, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தக் கடைசித் தொகுதியிலிருந்து அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று வரம்பு வைக்கப்பட்டது. 2019இல் அது 512 ஆகக் குறைந்தது. ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்புப் பகுதியில், உள்ள வீடுகளுக்குக்கூட 512 போதாது என்னும்போது, புதிய நிறுவனம் ஒன்று ஒரு மாநிலத்துக்கே இணைப்பு கொடுக்க என்ன செய்யும்?

இரண்டு வழிகள்தான் உண்டு. பழைய உரிமையாளர்களிடம் விலைக்கு வாங்கலாம். 2011இல் திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. முகவரி ஒன்றுக்குச் சுமார் 11 டாலர் விழுந்தது. அதற்குப் பிறகு சந்தை விலை ஏறிய வேகத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி முதல் அமேசானின் மேகக்கணினிச் சேவையில் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை அமெரிக்க சென் வாடகை, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டாலர், என்பதே போதும். இரண்டாவது வழி, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது. எங்கள் நிறுவனம் செய்திருப்பது இதைத்தான்.

பகிர்வின் கணக்கு எளிது. ஒரு முகவரிக்குள் தொடர்புகளைப் பிரித்தறிய 65,536 போர்ட் எண்கள் உண்டு. முதல் 1,024ஐ விட்டுவிட்டு, ஒரு வீட்டுக்கு 2,000 என்று ஒதுக்கினால் ஒரே முகவரியில் 32 வீடுகளை அடக்கலாம். 32 வீட்டுக்கும் ஒரே கதவிலக்கம், வாசலில் ஒரு ஜாகா, அதாவது காவலாளி. உள்ளே இருப்பவர் வெளியே போனால் யார் எந்த வீடு என்று அவர் குறித்துக்கொண்டு, திரும்பி வரும்போது சரியாக அனுப்பிவைப்பார். ஆனால் வெளியிலிருந்து தானாக ஒருவர் வந்து நின்றால் அவரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று ஜாகாவுக்குத் தெரியாது, எனவே திருப்பி அனுப்பிவிடுவார். சிஜிநாட்டின் நன்மையும் தீமையும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

எனவே உள்ளிருந்து வெளியே போகும் வேலை எதற்கும் தடையில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் காட்சியை யூடியூபில் நேரலையாக அனுப்புகிறவருக்கு இந்த இணைப்பு தாராளமாகப் போதும், ஏனெனில் அங்கே தொடர்பைத் தொடங்குவது அவருடைய கருவிதான். வாட்ஸ்அப் பேச்சு, இணைய வங்கி, பிள்ளைகளின் வகுப்பு எல்லாம் அப்படியே. 'இணையம் நன்றாகத்தானே ஓடுகிறது' என்று பெரும்பாலோர் சொல்வதும் இதனால்தான், அது உண்மையும்கூட.

வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய வேலைகளில்தான் சிக்கல். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் என் மாமா வைத்திருக்கும் மளிகைக் கடையும் எங்களோடு இதே நிறுவனத்துக்கு மாறியது. கடையின் சிசிடிவி பதிவுக் கருவியை அவர் வீட்டிலிருந்தே நேரடியாகத் திறந்து பார்ப்பது வழக்கம். பழைய இணைப்பில் ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவைத்து, மாறும் முகவரிக்கு ஒரு பெயரைக் கட்டிவைத்திருந்தோம். புதிய இணைப்பில் போர்ட்டைத் திறப்பதற்கான பக்கம் ரூட்டரில் இருக்கிறது, எண்களை ஏற்றுக்கொள்கிறது, 'வெற்றி' என்றும் காட்டுகிறது. ஆனால் திறக்கப்படுவது நம் வீட்டுக் கதவு மட்டுமே. நிறுவனத்தின் கதவு மூடியே இருப்பதால் கேமராப் படம் வரவில்லை. தயாரிப்பாளரின் மேகச் சேவை வழியாகப் பார்க்கும் செயலியை கேமரா பொருத்தியவர் போட்டுக் கொடுத்தார். அதில் படம் வருகிறது, ஆனால் சில நொடிகள் தாமதித்து, தெளிவு குறைந்து வருகிறது. மாமா சொன்னது: "கடை இங்கதான் இருக்கு, வீடும் இங்கதான் இருக்கு. நம்ம கல்லாப்பெட்டிப் படம் எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர் வழியா எதுக்கு மாப்பிள்ளை சுத்திட்டு வரணும்?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அது வேகத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. தன் கடையின் படம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி.

பகிர்வால் வரும் மற்ற தொல்லைகள் சிறியவை, ஆனால் தொடர்ந்து வருபவை. சில தளங்கள் 'நான் ரோபோ அல்ல' என்று அடிக்கடி நிரூபிக்கச் சொல்கின்றன, ஏனெனில் அதே முகவரியிலிருந்து வேறு எந்த வீட்டிலோ யாரோ அளவுக்கு மீறித் தட்டியிருப்பார்கள். பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி 'நாட் வகை கண்டிப்பானது' என்று எச்சரித்து, நண்பர்களின் ஆட்டங்களில் சேரத் தடுமாறுகிறது. இதைவிடக் கனமான ஒன்றும் உண்டு: ஒரு குற்றத்தைத் தேடும் காவல் துறையிடம் முகவரி மட்டும் இருந்தால், அது பல வீடுகளைச் சுட்டும். 2017 அக்டோபரில் யூரோபோல் இதே காரணத்தைச் சொல்லித்தான் சிஜிநாட்டைக் கைவிடுமாறு ஐரோப்பியச் சேவை நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. குற்றமற்றவர் ஒருவர் தன் பக்கத்து வீட்டாரின் நிழலில் நிற்க நேரும் நிலையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோது கிடைத்த அனுபவம்தான் எனக்கு மிகுந்த ஏமாற்றம். முதலில் பேசியவர் மிகப் பணிவாக, "மோடத்தை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள், என்சிக்" என்றார். சிஜிநாட் என்ற சொல்லை நான் எழுத்தெழுத்தாகச் சொன்ன பிறகு அழைப்பு வேறொருவருக்குப் போனது. அவர் விவரம் அறிந்தவர், பொய் சொல்லவும் இல்லை. தனிப் பொது முகவரி வணிகத் திட்டத்துக்கு மட்டுமே உண்டு, வீட்டுத் திட்டத்தில் கூடுதல் கட்டணம் கொடுத்தாலும் கிடைக்காது என்றார். அந்த ஒரு வாக்கியம் விண்ணப்பப் படிவத்தில் அச்சிடப்பட்டிருந்தால் மாமா கடைக்கு முதலிலேயே வணிகத் திட்டத்தை எடுத்திருப்பார். பற்றாக்குறை நிறுவனத்தின் குற்றமன்று. அதை மறைத்து விற்பது அதன் குற்றம்.

இனி இந்த இணைப்பின் உண்மையான சிறப்புக்கு வருகிறேன், ஏனெனில் இதே நிறுவனம் புதிய முகவரி முறையான ஐபிவி6ஐ முதல் நாளிலிருந்தே முறையாகக் கொடுக்கிறது. ரூட்டரில் எதையும் மாற்றாமலேயே எங்கள் கைப்பேசிகளும் கணினிகளும் தொலைக்காட்சியும் ஆளுக்கொரு பொது முகவரியோடு நிற்கின்றன. 128 பிட்டு நீளமுள்ள ஐபிவி6 முகவரிகளின் மொத்த எண்ணிக்கை, 34க்குப் பின்னால் 37 சுழியங்கள் போட்டால் வரும் அளவு. வீட்டுக்கு வந்திருப்பது 56 பிட்டு முன்னொட்டு, அதாவது எங்கள் வீட்டு முகவரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தொடக்கப் பகுதி. அதற்குள் 256 தனி வலைகளை அமைக்கலாம், அந்த ஒவ்வொரு வலைக்குள்ளும் ஐபிவி4இன் மொத்த எண்ணிக்கையை அதே மொத்த எண்ணிக்கையால் பெருக்கிய அளவு முகவரிகள் உண்டு. வீட்டுக் கருவிகள் ஒரு வலை, விருந்தினர் ஒரு வலை, கேமராக்கள் ஒரு வலை என்று பிரித்துவைக்க இது எவ்வளவு வசதி என்பது செய்து பார்த்தால் தெரியும். ஒரே ஒரு 64 பிட்டு வலையை மட்டும் கொடுத்துக் கையைக் கழுவும் நிறுவனங்களும் உண்டு. அந்த வகையில் இவர்களைப் பாராட்ட வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில் இதன் பலன் கண்ணுக்குத் தெரியாமலேயே கிடைக்கிறது. கூகுள், யூடியூப், ஃபேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ், விக்கிப்பீடியா ஆகிய எல்லாம் ஐபிவி6இல் பேசுபவை. உலாவி முதலில் அந்த வழியைத் தட்டிப் பார்த்து, திறக்காவிட்டால் நொடியின் சிறு பகுதிக்குள் பழைய வழிக்கு மாறிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் போக்குவரத்தில் பெரும்பகுதி இப்படிச் சிஜிநாட்டைத் தொடாமலேயே போய் வருவதால், அந்தக் கருவியின் மேல் விழும் சுமையும் குறைகிறது.

மலேசியாவுக்கு இது புதிதும் அன்று. ஐபிவி6இன் விதி 1998 டிசம்பரில் வெளியானது. 2005இல் நம் நாட்டின் தேசிய மேம்பட்ட ஐபிவி6 மையம் அமைக்கப்பட்டது இங்கே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அது பக்கத்து வளாகம். அதன் இயக்குநராக இருந்து இத்துறைக்கு ஆட்களைப் பழக்கியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ் என்பது பினாங்குத் தமிழர்கள் பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். கூகுளின் அளவீட்டில் இன்று மலேசியப் பயனர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐபிவி6 வழியாகவே அதை அடைகிறார்கள். நாட்டில் அறிவும் இருக்கிறது, வலையமைப்பும் தயார். பின்தங்கியிருப்பது வீட்டு ரூட்டரும், நாம் கடையில் வாங்கும் மலிவுக் கருவிகளும்தான்.

நிறுவனம் கொடுத்த ரூட்டரையே எடுத்துக்கொள்வோம். ஐபிவி6இல் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி இருப்பதால், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல் ரூட்டரின் ஃபயர்வாலிடம் இருக்க வேண்டும். எங்கள் ரூட்டர் எல்லாவற்றையும் தடுத்த நிலையில்தான் வருகிறது. அது சரியான தொடக்கம். ஆனால் கேமராப் பதிவுக் கருவிக்கு மட்டும் ஒரு போர்ட்டைத் திறக்கலாம் என்று போனால், அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பொத்தான்: ஃபயர்வால் உண்டு, அல்லது இல்லை. ஒரு கருவிக்காக வீட்டுக் கருவிகள் அனைத்தையும் திறந்துவிடும் அந்தப் பொத்தானை யாரும் தொடக்கூடாது என்பேன். நான் அந்த ரூட்டரை ஒதுக்கிவிட்டு, கருவிவாரியாக விதி எழுத முடிகிற வேறொன்றை என் செலவில் வாங்கிப் பொருத்தினேன். நிறுவனம் அதற்குத் தடை சொல்லவில்லை, உள்நுழைவு விவரங்களையும் கேட்டவுடன் கொடுத்தது.

அடுத்த குறை, முன்னொட்டு நிலையாக இல்லாதது. மின்சாரம் போய் வந்தால், சில சமயம் ரூட்டரை அணைத்துப் போட்டாலும், வீட்டின் 56 பிட்டு முன்னொட்டு மாறிவிடுகிறது. பழைய முன்னொட்டை நம்பிக்கொண்டிருக்கும் கருவிகள் சிறிது நேரம் தடுமாறுகின்றன. ஃபயர்வாலில் எழுதிய விதிகளும் புதிய முகவரிக்கு ஏற்ப மாற வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய வலையமைப்பாளர்களின் மன்றமான ரைப், வீட்டு வாடிக்கையாளருக்கு மாறாத முன்னொட்டைக் கொடுக்க வேண்டும் என்று 2017லேயே தெளிவாக வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஐபிவி4இல் முகவரி மாறுவதற்குப் பற்றாக்குறையைக் காரணம் காட்டலாம். இங்கே என்ன காரணம்? நிறுவனத்திடம் இருக்கும் ஐபிவி6 தொகுதி ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையான முன்னொட்டு கொடுத்த பிறகும் மிஞ்சும். முகவரி நிலையாக இருப்பதைக் கூடுதல் பணத்துக்கு விற்கும் பழக்கத்தை ஐபிவி6க்குள்ளும் கொண்டுவந்துவிடக் கூடாது என்று இந்த மதிப்பீட்டின் வழியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவின் பழைய பதிவுக் கருவி ஐபிவி4 மட்டுமே அறிந்தது. அதற்கு இந்தப் புதிய முகவரிகளால் எந்தப் பயனும் இல்லை. ஐபிவி6 பேசும் புதிய கருவியைத் தேடிக் கடை கடையாகக் கேட்டபோது, கேமராவின் மெகாபிக்சலை நுனிநாக்கில் வைத்திருந்த விற்பனையாளர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த நெறிமுறைப் பட்டியலை நானே படித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. கருவியையும் ரூட்டரையும் மாற்றிய பின், மாமா தன் கைப்பேசியின் தரவு இணைப்பிலிருந்து கடையின் கல்லாவை நேரடியாக, தாமதமின்றிப் பார்க்கிறார். அவர் கைப்பேசியின் இணைப்பும் ஐபிவி6 கொடுப்பதால் இது முடிகிறது. ஐபிவி4 மட்டுமே உள்ள ஒரு வலையிலிருந்து, உதாரணமாகச் சில தங்குவிடுதிகளின் வைஃபையிலிருந்து, பார்க்க முயன்றால் வராது. அப்போது மேகச் செயலிதான் கதி.

வீட்டில் படம் பார்க்க, பேச, படிக்க, வேலை செய்ய மட்டும் இணையம் வேண்டுபவர்களுக்கு இந்த இணைப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே சர்வர் நடத்துபவர்கள், அலுவலகத்துக்குள் வெளியிலிருந்து நுழைய வேண்டியவர்கள் வணிகத் திட்டத்தின் விலையையும் கேட்டு, பிறகு முடிவு செய்யட்டும். எந்த நிறுவனமானாலும் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை இவை: ஐபிவி4 முகவரி எனக்கு மட்டுமா, பலருக்குமா? ஐபிவி6 உண்டா, உண்டென்றால் முன்னொட்டு எத்தனை பிட்டு, அது மாறுமா? ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் கருவிவாரியாக விதி எழுத முடியுமா? முடியாதென்றால் என் சொந்த ரூட்டரைப் பொருத்தலாமா? பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் விலக நேர்ந்தால் அபராதத்தைப் பற்றிப் பேச அந்த எழுத்து மட்டுமே கையில் இருக்கும்.